ஏறுபவருக்குக் காற்று, இறங்குபவருக்குக் கடன்

மே மாதம் பிறந்துவிட்டால் சேலம் அடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டும். சென்னை வண்டி, கோவை வண்டி, பெங்களூரு வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன காத்துய்யா!" என்பார்கள். கோடை விழா நடக்கும். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். நாலு நாள் தங்கினால் ரத்த அழுத்தமே இறங்கிவிடும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. இருக்கலாம். காசுள்ளவன் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகிற மலை என்ற பெயர் இதற்கு இன்று வந்ததல்ல. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்த 1820களை ஒட்டிய காலத்திலேயே, சமவெளி வெயிலுக்குத் தப்பி ஓடி வந்த வெள்ளைக்காரர்கள் இதன் காற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே சாலையில் எதிர்த்திசையில் இறங்குகிறவர்களைப் பற்றியது இந்தத் தலையங்கம். மலைக்காரர்கள் பேச்சில் 'கீழ போறது' என்றால் பெரும்பாலும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போவதுதான். காற்று வாங்க ஏறுகிறவருக்கும் வைத்தியத்துக்கு இறங்குகிறவருக்கும் ஒரே சாலை, ஒரே முப்பது கிலோமீட்டர். செலவுதான் வேறு. ஏறுகிறவர் செலவழிப்பது மிச்சக் காசை. இறங்குகிறவர் செலவழிப்பது இன்னும் சம்பாதிக்காத காசை.

செம்மநத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று. சேர்வராயன் மலையில் சிதறிக் கிடக்கும் அறுபதுக்கு மேற்பட்ட கிராமங்களைப் போலவே இங்கேயும் பெரும்பான்மை மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆளும் மலையாளி. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் சமூகத்தைப் பற்றி இந்த விளக்கத்தை இன்னும் எழுத வேண்டியிருப்பதே ஒரு செய்திதான்.) சொந்தமாகக் கொஞ்சம் காடு, அதில் ராகி, சாமை, கொஞ்சம் காபி. மீதி நாட்களுக்கு எஸ்டேட் கூலி.

இங்கிருந்து ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். இது ஒருவருடைய கதையல்ல, அதனால் பெயர் வேண்டாம். அடிவயிற்றில் மூன்று மாதமாக வலி. முதல் மாதம் கஷாயம். இரண்டாம் மாதம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளை மாத்திரை. மூன்றாம் மாதம் காபிப் பறிப்பு முடியட்டும் என்று காத்திருப்பு, ஏனென்றால் பழம் பழுக்கும் நாளில் கூலிக்குப் போகாதவளை மேஸ்திரி அடுத்த வாரம் கூப்பிடமாட்டார். ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போகிறது. விடியுமுன் கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு, கடைசியில் ஜீப். ஜீப்காரர் கெட்டவர் அல்ல; அவருக்கும் டீசல் ஊற்ற வேண்டும், திரும்பி வரும்போது வண்டி காலியாகத்தான் வரும். ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, "கீழ போயிடுங்கம்மா, ஸ்கேன் எடுக்கணும்" என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். கீழே மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு இலவசம், ஸ்கேனுக்கு அட்டை இருக்கிறது, மருந்து இலவசம், படுக்கை இலவசம். துணைக்கு வந்த கணவன் வராந்தாவில் துண்டு விரித்துப் படுக்கிறான். அவனுக்கு இரண்டு வேளை இட்லி, ஒரு வேளை பரோட்டா, டீ, போன் ரீசார்ஜ். ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறாள், அவளுடைய கூலியும் போயிற்று. பத்து நாள் கழித்து வீடு திரும்பும்போது கையில் இருக்கும் ஆஸ்பத்திரிப் பில் எவ்வளவு? பூஜ்யம். ஊரில் வாங்கிய கைமாற்று, குழுக் கடன், அடகு வைத்த தோடு எல்லாம் சேர்த்தால் எவ்வளவு? அதை எழுதிவைக்க அரசாங்கத்தில் ஒரு ரிஜிஸ்தரும் கிடையாது.

நாம் எச்சரிப்பது இந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான்.

மருத்துவத்தில் தமிழ்நாடு சாதித்தது கொஞ்சநஞ்சமல்ல, அதைக் குறைத்துச் சொல்வது நமது நோக்கமும் அல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையைப் பார்த்துப் பிற மாநிலங்கள் படியெடுத்தன. 'குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்' என்று உலகம் கொண்டாடிய இடங்களை லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் மறுபடி தேடியபோது, தாய்லாந்து, வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளோடு ஒரு மாநிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அது தமிழ்நாடு. 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 என்ற அளவுக்குத் தாய் மரணம் இறங்கியிருந்தது. 108 வந்தது, கலைஞர் காப்பீடு வந்தது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. பெருமைப்பட வேண்டிய பட்டியல்தான். ஆனால் இவை அத்தனையும் ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே நடப்பவை. செம்மநத்தத்துக்காரர் செலவழித்து முடித்த பிறகுதான் அந்த வாசலுக்கே வந்து சேர்கிறார்.

தேசியக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாகிவிட்டது என்று ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கறிக்கை சொல்கிறது. நல்ல சரிவு. கைதட்டுமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். வைத்தியத்துக்கே போகாமல் வீட்டில் சுருண்டு படுத்துக் கிடப்பவரின் கைச்செலவும் பூஜ்யம்தான். அவர் சதவீதத்தைக் குறைக்கிறாரே தவிர, நோயைக் குறைக்கவில்லை. இழந்த கூலியோ எந்தச் சதவீதத்திலும் ஏறுவதே இல்லை.

இன்னொரு கணக்கு நாமே போட்டது. 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு நாடெங்கும் வீடு வீடாகக் கேட்டது. கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் தனியார் மருத்துவமனையில் ஒருமுறை படுத்து எழுந்தால், பிரசவம் நீங்கலாக, சராசரி மருத்துவச் செலவு 27,347 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 205 ரூபாய். ஒரு நாள்கூட விடாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசாகூடத் தின்னாமல் சேர்த்திருந்தால் 20,500. ஆக, நாட்டின் ஆகப்பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு முழுக்கக் கொடுப்பதாகச் சொன்ன பணம், தனியார் ஆஸ்பத்திரியின் ஒரு படுக்கைக்குப் போதவில்லை. இன்னும் முப்பத்து நான்கு நாள் மண் சுமக்க வேண்டும்.

அப்படியானால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே என்பார்கள். போகத்தான் போகிறார்கள். ஆனால் இரவு பதினோரு மணிக்கு மூச்சு வாங்கும்போது, கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் படும் விளக்கு எந்த ஆஸ்பத்திரியுடையதோ அங்கேதான் ஜீப் நிற்கும். அந்த ஓர் இரவுக்கு மூன்று வருஷம் வட்டி கட்டுகிற குடும்பம் இல்லாத மலைக்கிராமம் உண்டா என்று வாசகர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

பணத்துக்கும் உடம்புக்கும் உள்ள உறவு ஏழைக்கு நோய், பணக்காரனுக்கு நலம் என்ற ஒற்றைக் கோடு அல்ல. அது படிக்கட்டு. லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வு இதைத்தான் கண்டது. அங்கே ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை, எல்லோருக்கும் இலவச வைத்தியம் உண்டு. இருந்தும் பதவியில் ஒரு படி கீழே இருப்பவருக்கு ஒரு படி மேலே இருப்பவரைவிட மாரடைப்புச் சாவு அதிகம். அதன் அடுத்த கட்டங்களை நடத்திய மைக்கேல் மார்மாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் பேச அது ஒன்றே போதுமாயிருந்தது. 1971இல் ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்ற மருத்துவர், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க கிராமம் ஒன்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டே, லான்செட் இதழில் இதன் மறுபக்கத்தை எழுதினார். நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கை எங்கே ஓங்குகிறதோ அங்கே இது இன்னும் மோசமாகிறது என்பது அவர் கண்ட விதி. தலைகீழ் விதி என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவர் எழுதியது ஏற்காட்டைப் பார்த்தல்ல. பார்த்திருந்தால் கட்டுரை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் இருபதாயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரத்துக்குப் பதில் மூவாயிரம். சலுகை சரி. ஆனால் விதி தலைகளை எண்ணுகிறது, தூரத்தை எண்ணவில்லை. மூவாயிரம் பேர் ஒரே தெருவில் இருப்பதும், ஏழு மலைமடிப்பில் ஏழு கொத்தாக இருப்பதும் அந்த அளவுகோலுக்கு ஒன்றுதான்.

தூரம் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லை என்ற மலையாளிக் குக்கிராமத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேரத் தாமதமாயிற்று. குழந்தை பிழைக்கவில்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தாள். நாடே பார்த்துக் கலங்கியது. பாம்புக்கடி மருந்து இலவசம், ஆம்புலன்ஸ் இலவசம், பிரேதப் பரிசோதனை இலவசம். ஒன்றுக்கும் காசு கேட்கவில்லை. காசு போட வேண்டிய இடம் சாலை, அங்கே போடவில்லை.

பாம்புக்கடியாவது செய்தியாகிறது. நாம் அஞ்சுவது சத்தமில்லாத நோய்களுக்கு. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான். ஆஸ்பத்திரிகள் நிறைந்த மாநிலத்தின் மொத்தக் கணக்கு இது. மாத்திரை இல்லாமல் அல்ல, மாத்திரை வாங்கப் போகிற நாளின் கூலியை இழக்க முடியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது எந்தக் கிராமச் செவிலியரைக் கேட்டாலும் தெரியும். சாமையும் ராகியும் தின்ற மலையில் ரேஷன் அரிசி நிரந்தரமாகிவிட்டது, டாஸ்மாக்கும் தன் பங்கைச் செய்கிறது. சர்க்கரை நோய் கீழ்நாட்டார் வியாதி என்ற பேச்சு இனி செல்லாது.

அந்த ஆய்வுக்கு அரசு சொன்ன பதில் சரியான பதில் என்பதையும் பதிவு செய்கிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. நோயாளியின் ஒருநாள் கூலியைக் காப்பாற்றுகிற திட்டம் என்றே அதை நாம் பார்க்கிறோம். மருத்துவத் திட்டம் என்ற பெயரில் வந்த பொருளாதாரத் திட்டம் அது. ஆனால் அதைச் சுமப்பவர் யார்? சொற்ப ஊக்கத்தொகைக்கு நடக்கும் பெண் தன்னார்வலர். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் இருபது வீடு பார்க்கலாம். மலையில் அதே நேரத்தில் ஒரு கொத்துக்குப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். மலைக்கு என்று தனி ஊதியமும் தனி எண்ணிக்கையும் வைக்காவிட்டால், எண்ணிக்கை காட்டுவதற்காகச் சாலையோர வீடுகளுக்கே மாத்திரை திரும்பத் திரும்பப் போகும்.

நோய் மட்டுமல்ல, வேலையிடத்து விபத்தும் மலைக்காரரைக் கீழே இறக்கும். மிளகுப் பறிப்பைப் பார்ப்போம். சேர்வராயன் மலையில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. கணுவில் கட்டைவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கு கட்டி, முப்பதடி, நாற்பதடி. மரத்தில் பாசி, காலில் செருப்பில்லை. விழுந்தால் முதுகெலும்பு. இதே மலைச்சாலையில் ஒரு சுற்றுலா கார் கவிழ்ந்தால், 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், அட்டை உண்டா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. மிக நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். மிளகு மரத்திலிருந்து விழுந்தவர் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும், வருமானச் சான்று செல்லுமா என்று பார்க்க வேண்டும். இருவருக்கும் உடைந்தது ஒரே எலும்புதான்.

முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டாமா? சட்டம் அப்படித்தான் சொன்னது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி, நோய்க்கால உதவித்தொகை, குடியிருப்பு எல்லாவற்றையும் எஸ்டேட்டின் கடமையாக்கியது. அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. பின்னாளில் திருத்திய பிறகும், ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து ஆட்களுக்கும் குறைந்த தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. இப்போது இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் பழைய சட்டம் கரைந்துவிட்டது. இன்னொரு பக்கம், எஸ்டேட்டுகள் துண்டு துண்டாகி ரிசார்ட்டும் ஹோம்ஸ்டேயும் வில்லா மனைகளும் ஆகின்றன. நேற்றுவரை காபி பறித்தவள் இன்று அதே மண்ணில் விருந்தினர் அறையைப் பெருக்குகிறாள். தோட்டத் தொழிலாளி என்ற பெயர் போனதும் அந்தப் பெயரோடு ஒட்டியிருந்த மருந்தகமும் நோய்க்காலப் படியும் போய்விட்டன. கூலி பத்து ரூபாய் கூடியிருக்கலாம். உரிமை போனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் இருந்ததையே யாரும் சொன்னதில்லை.

2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா காபி அதுவரை காணாத உச்ச விலைக்குப் போனது. வீட்டில் காபித்தூள் வாங்கும் நம் எல்லோருக்கும் அது உறைத்தது. அந்த உச்சத்தில் பழம் பறித்தவளுக்கு எத்தனை ரூபாய் ஏறியது என்று ஏற்காட்டுக்குப் போகும்போது கேளுங்கள்.

இலவச வைத்தியம் மட்டும் போதும் என்று நம்புகிறவர்களுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் பொது மருத்துவம் முக்கால் நூற்றாண்டாக இலவசம். ஏழை நாடு எப்படி நலமாக வாழலாம் என்பதற்கு உலகமே அந்தத் தீவை உதாரணம் காட்டியது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாட்டளவில் 17.3 சதவீதம், பெருந்தோட்டங்களில், அதாவது நம் மலையகத் தமிழர் லயங்களில், 31.7 சதவீதம். ஒரே நாடு, ஒரே இலவச ஆஸ்பத்திரி. வேறுபாடு கூலியிலும் கூரையிலும் குடிநீரிலும் இருந்தது. ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக அவர்கள் வருடக்கணக்கில் போராடியதைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் செய்தித்தாள்கள் எழுதின. அது பிள்ளைகளின் உயரத்துக்கான போராட்டமும்தான்.

நம்பிக்கைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சேர்வராயனுக்குப் பக்கத்திலேயே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கேயும் மலையாளிகள்தான். 1990களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய், ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் நூற்றுக்கு மேல் இறந்துகொண்டிருந்த காலம். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர் ஆக்கினார்கள், ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளரை உருவாக்கினார்கள். குழந்தை மரணம் பல மடங்கு சரிந்தது. இதுவரை பிற இடங்களிலும் கேட்ட கதைதான். அடுத்து அவர்கள் செய்ததுதான் நமக்கு வேண்டியது. பத்தாண்டு கழித்து ஊர் ஊராகப் போய், இனி என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மக்கள் இன்னொரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் கேட்கவில்லை. விவசாயம் கட்டுப்படியாகவில்லை, உரக்கடன் கழுத்தை நெரிக்கிறது, பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்றார்கள். டாக்டர்கள் இயற்கை விவசாயக் கூட்டமைப்பு அமைக்க உதவினார்கள், பக்கத்து லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலை மீட்டார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சளுக்கும் சிறுதானியத்துக்கும் விலை தேடிய மருத்துவர்கள், நோயின் வேர் எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதே நமது கருத்து.

எல்லா மலைக்கும் இப்படி ஒரு தம்பதி வாய்க்கமாட்டார்கள். வாய்க்கவில்லையே என்று ஏங்குவது அரசுக்கு வேலையும் அல்ல. அரசால் செய்யக்கூடியது மிக எளிய ஒன்று இருக்கிறது, அதற்கு முன்மாதிரியும் அரசிடமே இருக்கிறது.

2008இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா சின்னத் திட்டம்தான். ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குக் காப்பீடு. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. ஆஸ்பத்திரியில் சேரும் ஒவ்வொரு முறையும் போக்குவரத்துக்கு 100 ரூபாய் கையில் தரவேண்டும், ஆண்டுக்கு 1,000 வரை. ஏழை ஆஸ்பத்திரிக்கு வர பஸ் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்த ஒருவர் அந்த வரியை எழுதியிருக்கிறார். பத்தாண்டு கழித்து ஐந்து லட்சம் ரூபாய் என்ற பெரிய அட்டை வந்தபோது அந்தச் சின்ன வரி காணாமல் போயிற்று. காசநோய்த் திட்டத்தில் அது இன்னும் பிழைத்திருக்கிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ஆக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். பழங்குடி நோயாளியின் பயணத்துக்கு 750 ரூபாய் தனி. தொகை பெரிதில்லை. ஆனால் 'நோயாளி வந்து சேர்வதற்கும் காசு வேண்டும்' என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. காசநோயாளிக்கு ஒப்புக்கொண்டதை டயாலிசிஸ் நோயாளிக்கும், புற்றுநோய்க்காரருக்கும், வாரக்கணக்கில் கீழே தங்க வேண்டிய கர்ப்பிணிக்கும் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

மலையூர் நோயாளியும் துணைக்கு வரும் ஒருவரும் அரசு மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும், நூறு நாள் வேலைக்கு அரசே நிர்ணயித்த கூலிக்குக் குறையாத தொகை தரப்பட வேண்டும். 2024-25இல் அது 319 ரூபாய். டிஸ்சார்ஜ் சீட்டோடு, அதே மேசையில், அதே நாளில். வங்கிக் கணக்குக்கு மூன்று மாதம் கழித்து வரும் பணத்தை வட்டிக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. இரவில் ஏறி இறங்க ஒன்றியம் முழுவதற்கும் ஒப்பந்த ஜீப்புகள் வேண்டும். 108 போக முடியாத கொத்துகள் எவையென்று உள்ளூர் ஜீப்காரர்களுக்கு மனப்பாடம்; அவர்களுக்கே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்துவிடலாம். மிளகு மரத்திலிருந்து விழுபவரையும் 48 மணி நேரத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எஸ்டேட்டை உடைத்து ரிசார்ட்டுக்கு அனுமதி கேட்பவரிடம், அந்த மண்ணில் வேலை பார்த்தவர்களின் மருத்துவப் பொறுப்பு இனி யாருடையது என்று எழுதி வாங்கிவிட்டு அனுமதி கொடுக்க வேண்டும்.

செலவு அதிகமாகும் என்று நிதித்துறை சொல்லும். தேசிய சுகாதாரக் கொள்கை 2017இல் கொடுத்த வாக்கு, 2025க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசு மருத்துவத்துக்கு என்பது. 2021-22இல் எட்டியது 1.84. வாக்குக்கும் கைக்கும் இடையிலான அந்த மிச்சத்தில் எத்தனையோ ஜீப்புகள் ஓடும்.

மலைக்கு மந்திரிகள் வரமாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2013 டிசம்பரில் ஏற்காட்டுக்கு இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் படையே இங்கே முகாமிட்டது. சாலையே இல்லை என்று சொல்லப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அப்போது வண்டி போயிற்று. வழி தெரியும். மறந்திருந்தால் செம்மநத்தத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

காபிப் பறிப்பு நவம்பரில் தொடங்கும், அதைத் தொடர்ந்து மிளகும் வரும். ஏணிகள் மரத்தில் சாய்வதற்கு முன் முதலமைச்சரும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இதற்கான அரசாணையை வெளியிட வேண்டும்.